கல் பொறுக்கிய வயல்கள்: மொரீஷியஸ் பயணக் குறிப்புகள்

முதல் நாள், புதன்கிழமை, ஜனவரி 28

விமானம் தாழ இறங்கியபோது கரும்பு வயல்களுக்கு நடுவே கருங்கற்களைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பது தெரிந்தது. எரிமலைத் தீவின் நிலத்தைத் திருத்தியவர்கள் கையால் பொறுக்கிக் குவித்த கற்கள் அவை என்று, அழைத்துப் போக வந்திருந்த நண்பர் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தமிழ் படிக்க வந்து கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் குடியிருந்தவர். வீட்டில் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் பேசிப் பாடப்புத்தகத்தில் தமிழ் கற்றவராதலால், "தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா, ஐயா?" என்றுதான் இன்றும் கேட்கிறார். அந்தத் தமிழுக்குப் பதில் சொல்லும்போது என் கொங்குத் தமிழ் தானாகவே சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிறது.

காரை ஓட்டியது அவருடைய பேத்தி. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கிறாள். நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் நூற்பாலையில் மெயின்டெனன்ஸ் பார்த்தவன் என்று தாத்தா சொல்லி வைத்திருப்பார் போலும். வண்டி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கேட்டாள்: "தாத்தா, மனிதர்கள் எல்லாரும் போன பிறகும் ரோபோக்கள் இருக்குமா? நம் இடத்தை அவை எடுத்துக்கொள்ளுமா?"

அவள் ஒன்றாகக் கேட்டது இரண்டு கேள்விகள் என்று தோன்றியது. நமக்குப் பின்னும் நிலைத்திருப்பது வேறு, நம் இடத்துக்கு வருவது வேறு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியதற்கு அந்த வாக்குறுதிதான் காரணம்.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் உள்ள ஆப்ரவாசி காட் என்ற பழைய படித்துறைக்குப் போனோம். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய இடம். 2006 ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. எஞ்சியிருப்பவை சில கற்படிகள், காவலர் அறைகள், சமையற்கூடத்தின் அடையாளம், கழிப்பிடத்தின் சுவர். இவ்வளவு பெரிய வரலாற்றுக்கு இது மிகச் சிறிய இடம் என்று எனக்குப் பட்டது. நண்பர் படியேறும் முன் செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன்.

தமிழர்கள் இங்கே வந்தது அதற்கும் முன்பே. பிரெஞ்சு ஆட்சியில், 1730களில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கல்தச்சர்களும் கொத்தர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் படிகளின் கதை வேறு. பிரித்தானியர் அடிமை முறையை ஒழித்த சட்டம் இந்தத் தீவில் 1835 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்குக் கை வேண்டியிருந்தது. அடிமைகளின் இடத்தில் கூலிகளை வைத்துப் பார்க்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஆட்சியாளர்கள் வைத்த பெயர் 'மாபெரும் பரிசோதனை'. இறங்கியவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். அந்த எண் ஒப்பந்தத்திலும் வருகைச் சீட்டிலும் ஏறியது. சாகும்வரை கூடவே இருந்தது.

அந்த எண்களைப் பற்றி நண்பர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு 'ரோபோ' என்ற சொல்லே நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகத்தில்தான் அச்சொல் முதன்முதலில் வந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். வேர்ச்சொல்லான 'ரொபோட்டா' என்பது, பண்ணை அடிமை தன் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு. இதற்குத் தமிழில் நேரான சொல் இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு வரியாக வரும் 'வெட்டி' அதுதான். ஊருக்கோ அரசுக்கோ கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலை. இன்று "வெட்டியாக உட்கார்ந்திருக்கிறான்" என்று வேலையில்லாதவனைச் சொல்கிறோம். அன்று அது முதுகொடிய வேலை செய்தவனின் சொல். எந்திர மனிதன் என்று பெயர் வைத்ததற்குப் பதில் 'வெட்டியான்' என்று வைத்திருந்தால் பொருள் சரியாக இருந்திருக்கும், ஆனால் அச்சொல் ஏற்கெனவே வேறொரு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது.

ரோபோக்கள் எழுந்து நம்மை அழிக்கும் என்ற அச்சத்தின் உருவம் மிகப் பழையது. கூலியில்லாமல் வேலை வாங்குகிற ஒவ்வொரு எசமானும் இரவில் கதவைத் தாழிட்டுவிட்டுப் பட்ட அச்சம் அது. இந்தத் தீவின் எசமானர்கள் விஷயத்தில் அது ஒரு வகையில் பலிக்கவும் செய்தது. கை வேண்டும் என்று கேட்டார்கள்; கையோடு வயிறும், பிள்ளை குட்டிகளும், மேளமும், காவடியும் வந்து இறங்கின. 1968 இல் நாடு விடுதலை பெற்றபோது ஆட்சிக்கு வந்தவர்களில் பலர் அந்தக் கூலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மாற்றாளாகக் கொண்டுவரப்பட்டவன் வீட்டுக்காரன் ஆனான்.

"அப்படியானால் ரோபோவும் அப்படி ஆகலாம் அல்லவா?" என்றாள் பேத்தி. கூலிக்காரனுக்குப் பிள்ளை பிறந்தது, அம்மா, என்றேன். அங்கேயே நிறுத்திக்கொண்டேன், மீதியைச் சொல்ல எனக்கு ஓர் எந்திரம் பக்கத்தில் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை

அந்த எந்திரம் வடக்கே, போ பிளானில் கிடைத்தது. பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்கு அருகில் இருந்த பழைய சர்க்கரை ஆலை 1999 இல் மூடப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. மற்றவர்கள் சர்க்கரை வகைகளைச் சுவைக்கப் போனார்கள். நான் உருளைகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கும் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். எனினும் ஒரு தாங்கியின் விளிம்பில், பெயின்ட்டுக்கு அடியில், இறுகிப்போன பழைய கிரீஸ் கருப்பாக உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், தார் போலப் பெயர்ந்து வந்தது. அதைக் கடைசியாக வைத்தவன் அடுத்த வாரமும் வைக்கப்போவதாகத்தான் நினைத்திருப்பான். இந்த இரும்பு இன்னும் நூறாண்டு நிற்கும். இதை ஓட்டியவர்கள் பலர் போய்விட்டார்கள், இது இருக்கிறது. ஆகவே எந்திரம் மனிதனை விஞ்சி நிலைக்குமா என்ற முதல் கேள்விக்கு விடை, ஆம், வெகு எளிதாக. ஆனால் கல்லும் அப்படித்தான் நிலைக்கிறது. இது வெறும் இருப்பு, ஓட்டமல்ல.

ஓட்டம் எப்படிப்பட்டது என்பதை மெயின்டெனன்ஸில் இருந்தவனிடம் கேட்க வேண்டும். எங்கள் ஆலையில், நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவுக்கு ஆட்டோகோனர் வந்தபோது, அறுந்த நூலைத் தானே கண்டுபிடித்துத் தானே ஒட்டிக்கொள்ளும் அந்த எந்திரத்தைப் பார்த்து வாய் பிளந்தோம். அறுபது பெண்கள் பார்த்த வேலையை எட்டுப் பேர் பார்த்தார்கள். அவர்களுடைய இடத்தை அது எடுத்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை, அந்தப் பெண்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ஆனால் அதே எந்திரம், சுண்டு விரல் நகத்தளவு சென்சார் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை பதினேழு நாள் துணி போர்த்திக்கொண்டு நின்றது. எந்திரம் தனியாள் அன்று. அதற்குப் பின்னால் உதிரி பாகக் கடை, கப்பல், சுங்கத்துறை, மின் வாரியம், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் முனகிக்கொண்டே வருகிற ஃபிட்டர் என்று ஓர் ஊரே நிற்கிறது.

வானத்துக்குப் போன எந்திரங்களும் இப்படித்தான். தொண்ணூறு நாள் வேலைக்கென்று 2004 இல் செவ்வாயில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2018 ஜூனில் ஒரு புழுதிப் புயல் வானத்தை மூடியதும் சூரிய ஒளியின்றி மின்சாரம் இழந்து ஓய்ந்தது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்து ஈரத் துணியால் தகட்டைத் துடைத்திருந்தால் ஒருவேளை மீண்டிருக்கும் என்று மெயின்டெனன்ஸ்காரனின் மனம் அடித்துக்கொள்கிறது. 1977 இல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், மனிதகுலத்துக்குப் பிறகும் விண்மீன்களுக்கிடையே மிதந்துகொண்டிருக்கும் என்கிறோம். உண்மைதான். ஆனால் 2023 இறுதியில் அதன் நினைவகச் சில்லு ஒன்று பழுதாகி அது பிதற்றத் தொடங்கியபோது, 2400 கோடி கிலோமீட்டருக்கு இப்பாலிருந்து அதன் நிரலை இடம்மாற்றி வைத்துப் பேச வைத்தவர்கள் மனிதர்கள். அதன் அணு மின்கலம் ஆண்டுக்கு நான்கு வாட் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. அது தீர்ந்த பின்னும் வாயேஜர் மிதக்கும், இந்த ஆலையின் உருளை நிற்பதைப் போல.

பேத்தி விடவில்லை. ஆலையையே எந்திரம் நடத்தினால், ஃபிட்டரும் எந்திரமானால் என்ன செய்வீர்கள் என்றாள். கேள்வி நியாயமானது, புதியதும் அன்று. தன்னைத்தானே பெற்றுக்கொள்ளும் எந்திரம் கோட்பாட்டளவில் இயலும் என்பதைக் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் 1940களின் இறுதியிலேயே காட்டிவிட்டார். அத்தகைய எந்திரத்துக்குத் தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்று வேண்டும். அந்தக் குறிப்பைப் படித்து அடுத்த எந்திரத்தைக் கட்டவும் வேண்டும், படிக்காமல் அப்படியே நகலெடுத்துப் பிள்ளையின் கையில் கொடுக்கவும் வேண்டும். உயிரணுவுக்குள் டி.என்.ஏ. செய்வது இதைத்தான் என்பது, அதன் இரட்டைச் சுருள் அமைப்பு கண்டறியப்பட்ட 1953 க்குப் பிறகே மற்றவர்களுக்குத் தெளிவானது. எனவே இயலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இன்றைய செயற்கை நுண்ணறிவின் மூளையாக இருக்கும் சில்லுகளில் மிக நுண்ணியவற்றை அச்சிடும் அதீதப் புற ஊதா (EUV) எந்திரத்தை, நெதர்லாந்தில் உள்ள ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே நிறுவனம்தான் உலகத்துக்கே செய்துகொடுக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் உதிரி பாகங்கள், கண்ணாடிகள் ஜெர்மனியிலிருந்து, சில்லுகள் பெரும்பாலும் தைவானில். ஒரு பிள்ளை பெற மூன்று கண்டங்களின் உழைப்பு வேண்டியிருக்கும் உயிரினம், இன்றைய நிலையில், தாயைக் கொன்றுவிட்டுப் பிழைக்க முடியாது. ஒரு கரப்பான்பூச்சிக்கு இருக்கும் தன்னிறைவு அதற்கு இன்னும் இல்லை.

திரும்பும் வழியில் கல்குவியல் இல்லாத வயல்கள் சில வந்தன. அறுவடை எந்திரம் ஓடுவதற்காக இங்கே கற்களை முற்றிலும் அகற்றிவிட்டார்கள் என்றார் நண்பர். மனிதன் வெட்டும்போது கல் அங்கேயே இருந்தது. அவன் சுற்றிப் போனான். எந்திரம் சுற்றிப் போகாது, அதற்காக வயல்தான் மாற வேண்டும். அது நம் இடத்துக்கு ஏறி வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் அதற்குத் தோதாக நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டு போகிறோம். இது எனக்குச் சில்லுகளைவிட அதிகம் கவலை தந்தது.

நான்காம் நாள், சனிக்கிழமை

தென்கிழக்குக் கரையில் மாயேபூருக்கு அருகிலிருந்து படகில் ஈல் ஓ ஸெக்ரெட் என்ற பவளத் தீவுக்குப் போனோம். 26 எக்டர்தான் இருக்கும். மொரீஷியஸின் பழைய கடற்கரைக் காடு இப்போது எஞ்சியிருப்பது இங்கேதான்.

இந்த நாட்டின் பெரிய ஆமைகள் மனிதர்கள் வந்த பின் அற்றுப்போயின. அவற்றின் வயிற்றில் போய் வந்தால் நன்றாக முளைக்கும் கருங்காலியின் விதைகள் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடந்தன. 2000 ஆம் ஆண்டில் இங்குள்ள பாதுகாவலர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். இறந்த இனத்தை எழுப்ப முடியாது என்பதால், அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அயலூர் ஆமை பழத்தைத் தின்றது, நடந்தது, சாணம் போட்டது. கருங்காலிக் கன்றுகள் புது இடங்களில் முளைத்தன. ஒரு கிழ ஆமை பாதையை மறித்துக்கொண்டு இலையைக் கடித்தது. ஒவ்வொரு கடிக்கும் கழுத்தை நீட்டி, நிதானமாக, சம்பளத்துக்கு அவசரப்படாத அரசு ஊழியரைப் போல. போனவரின் இடத்துக்கு வருவது என்றால் இதுதான் என்று எனக்கு அங்கே விளங்கியது. வந்தவர் இன்னார் என்பது பெரிதல்ல. பழத்துக்கும் காட்டுக்கும் நடுவே நின்றுபோன கொடுக்கல்வாங்கல் மறுபடி ஓட வேண்டும்.

ஆனால் எல்லா இடத்துக்கும் ஆள் கிடைப்பதில்லை. அற்றுப்போன, பறக்க முடியாத பறவையான டோடோவின் எலும்புகள் 1865 இல் வெளிப்பட்ட மார் ஓ சோன்ஜ் சதுப்பு இங்கிருந்து அதிக தூரமில்லை. டச்சுக்காரர்கள் 1598 இல் வந்தார்கள். டோடோவைக் கண்டதாக நம்பத் தகுந்த கடைசிக் குறிப்பு 1662 இல். மாலுமிகள் அடித்துத் தின்றதைவிட, கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் இட்ட ஒற்றை முட்டையைக் குடித்ததே பெரிய கேடு. டோடோவைவிட எலி உயர்ந்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள். எலி டோடோவை வெறுக்கவும் இல்லை, அதன் இடத்துக்கு வரவும் இல்லை. அந்த இடம் இன்றும் காலியாகவே கிடக்கிறது.

இரண்டு நாட்களாக நான் அடுக்கிய சமாதானத்தில் ஓட்டை இருப்பதை இந்த எலிதான் காட்டியது. நம்மை விஞ்சி வாழும் தகுதி இருந்தால்தான் ஒன்று நம்மை அழிக்க முடியும் என்று நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படியொரு விதி கிடையாது. 2023 மே மாதத்தில், செயற்கை நுண்ணறிவால் மனிதகுலம் அழியக்கூடிய இடரைக் கொள்ளைநோய்க்கும் அணுப்போருக்கும் நிகராகக் கருத வேண்டும் என்ற ஒற்றை வாக்கிய அறிக்கையில் ஜெஃப்ரி ஹின்டன் உட்பட அத்துறையின் முன்னோடிகளும், அதைத் தயாரிக்கும் நிறுவனங்களின் தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். அது மிகை என்று அப்போது நினைத்தேன். எந்திரம் நமக்குப் பிறகு ஒரு வாரம்கூட ஓடாமல் துணி போர்த்திக்கொண்டு நிற்கலாம். அதற்கு முந்தைய வாரம் அது என்ன செய்தது என்பதற்கு அது பதிலாகாது. பேத்தியின் இரண்டு கேள்விகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்று இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. எதுவும் நம் இடத்துக்கு வராமலே நாம் போகலாம்.

இதைப் படகில் அவளிடம் சொன்னேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு, "அது முதல் இரண்டையும்விட மோசம்" என்றாள். நண்பர் பேச்சை மாற்றி, நாளைக்கு ஏழு கறியும் பாயசமும் உண்டு என்றார்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி 1

இந்த ஆண்டு தைப்பூசம் அடிமை முறை ஒழிந்த நாளிலேயே வந்தது. இங்கே இரண்டுக்கும் அரசு விடுமுறை உண்டு.

விடியும் முன்னே ஆற்றங்கரையில் கூட்டம். செம்பருத்தி நிறத்துக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிவப்பில் ஆடைகள். பத்து நாள் விரதம் இருந்தவர்கள் காவடிக்குப் பூவும் எலுமிச்சையும் தென்னங்குருத்தும் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேத்தி பால் செம்பு எடுக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் வந்த நாளிலிருந்தே வீட்டில் கறி மீன் இல்லாததை நான் கவனித்திருக்க வேண்டும். செம்பின் வாயை வாழையிலையால் மூடி நூலால் கட்டும்போது அவள் விரல்கள் மெல்ல நடுங்கின. வெயிலில் இவ்வளவு தூரம் நடந்தும் பால் திரியாமல் இருந்தால் விரதம் சரியாக இருந்தது என்று இங்கே நம்புகிறார்கள்.

ஊர்வலத்தில் ஒலித்த தமிழ் எனக்குப் பாதிதான் புரிந்தது. பாடுகிறவர்களில் பலருக்கு அதுவும் புரியாது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். நூறு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கும் நாட்டில், கடைக்காரரிடம் பேசத் தமிழ் உதவாது. அவள் கையிலிருந்த தொலைபேசியோ எந்தத் தலைப்பிலும் பிழையின்றித் தமிழ் பேசுகிறது. நேற்று இரவு அதனிடம் வெண்பா கேட்டோம், தளை தட்டாமல் ஒன்று தந்தது. எந்திரங்கள் நம் அறிவின் பிள்ளைகள், வாரிசுரிமை அவற்றுக்கே போகட்டும் என்று ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆய்வாளர் 1988 இலேயே எழுதினார். பேச்சுதான் வாரிசின் அடையாளம் என்றால் மொரீஷியஸ் தமிழர்களை நான் தள்ளிவிட்டுத் தொலைபேசியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆணிச் செருப்பில் நடந்து வந்த ஓர் இளைஞன் "அரோகரா" என்று எனக்கு அருகில் கத்தியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது. அதை வாதமாக்கிக் காட்ட என்னால் இயலவில்லை.

பால் திரியவில்லை.

மாலையில் நண்பரின் தாயார் தம் பாட்டு நோட்டை எடுத்து வந்தார். தொண்ணூற்றொரு வயது. ஓரங்களில் எண்ணெய் ஊறிய தாள்களில், அவருடைய தாய் வாயால் சொன்ன முருகன் பாட்டுகளை பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருக்கிறார். ஒரு வரி சரியா என்று பார்க்கும்படி பேத்தி மூலம் கேட்டார். சரியில்லை. 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ல' இருந்தது, ஒரு சொல் இரண்டாக உடைந்து அடுத்த வரியோடு ஒட்டியிருந்தது. மூன்று தலைமுறை நகலெடுத்ததில் நேர்ந்தவை. நான் திருத்திப் படித்தேன். பேத்தி அதைத் தொலைபேசிக்குக் கொடுத்து உரக்கப் படிக்க வைத்தாள். அது என்னைவிட அழகாக 'ழ' சொன்னது.

பாட்டி தலையசைத்துக் கேட்டார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தம் தாய் சொன்னபடியே, உடைந்த சொல்லோடு, முதலிலிருந்து பாடத் தொடங்கினார். பேத்தி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுவிய பால் செம்பைத் துடைத்தபடி கூடவே பாடினாள். அவளும் 'ல' என்றுதான் சொன்னாள்.